புழுதியில் கிடக்கும் விதைநெல்

"தண்ணியில்லாக் காட்டுக்கு மாற்றிவிடுவேன், ஜாக்கிரதை!"

சர்க்கார் உத்தியோகஸ்தர்களை மேலதிகாரிகள் மிரட்டுவதற்கென்றே தமிழ்நாட்டில் உண்டான வாசகம் இது. அந்தக் காடு எது என்று யாரும் கேட்பதில்லை. கேட்காமலே எல்லோருக்கும் தெரியும், ராமநாதபுரம் ஜில்லாதான். 1910-ல் மதுரை, திருநெல்வேலி ஜில்லாக்களிலிருந்து பகுதிகளைப் பிரித்து இந்த ஜில்லாவை உண்டாக்கினார்கள். அதற்குப் பின் நெடுங்காலம் இதன் தலைமை அலுவலகம் இருந்த ஊர் மதுரை. 1985-ல் ஜில்லாவை மூன்றாகப் பிரித்தார்கள். ஒன்று ராமநாதபுரம், மற்றவை இன்றைய சிவகங்கை, விருதுநகர். அதாவது, ஜில்லாவை ஆண்டவர்களே ஜில்லாவுக்கு வெளியே உட்கார்ந்துதான் ஆண்டார்கள்!

இது வெறும் வேடிக்கைப் பேச்சு அல்ல. தண்டனையாக எண்ணி ஒரு ஊருக்கு வருகிறவர், அங்கே கால் ஊன்றுவதற்குப் பதிலாக எப்போது கிளம்பலாம் என்று நாள் எண்ணுவது மனித சுபாவம். மற்ற இலாகாக்களில் இதனால் நேரும் நஷ்டம் கொஞ்சமாக இருக்கலாம். விவசாய இலாகாவில் அது நேரே வயலில் போய் விழுகிறது. ஏனென்றால் இந்த மண்ணின் விவசாயம், ஒரு மழைக்காலத்தையாவது கூட இருந்து பார்க்காதவருக்குப் பிடிபடாது.

மழை இல்லையா?

உண்மையில் ராமநாதபுரம் ஜில்லாவில் மழையே இல்லை என்பது தவறு. ஆண்டுக்குச் சராசரியாக 800 மில்லிமீட்டருக்குச் சற்று மேலாக மழை பெய்கிறது. ஆனால் அந்த மழையில் பாதிக்கு மேல் வடகிழக்குப் பருவமழை. அதாவது ஐப்பசி, கார்த்திகை, மார்கழி என்று சில வாரங்களுக்குள் கொட்டித் தீர்த்துவிட்டுப் போய்விடும். மற்ற மாதங்களில் வானம் வெறிச்சோடிக் கிடக்கும். பெய்கிற அந்தச் சில வாரங்களிலும் ஒரே சீராகப் பெய்வதில்லை. இரண்டு நாள் வெளுத்து வாங்கும். பிறகு இருபது நாள் எட்டிப் பார்க்காது.

நம் முன்னோர் இதை அறிந்தே கண்மாய்களை வெட்டினார்கள். ஜில்லா முழுவதும் ஆயிரத்துக்கு மேற்பட்ட கண்மாய்கள் இருக்கின்றன. ஆர்.எஸ். மங்கலம் கண்மாயின் கரையில் நின்று பார்த்தால், நிறைந்த ஆண்டில் அது கண்மாயா கடலா என்று சந்தேகம் வரும். மதுரையைக் கடந்து வரும் வைகை நதியே ராமநாதபுரம் பெரிய கண்மாயில் வந்துதான் புகுகிறது. மேலே 1959-ல் வைகை அணை கட்டப்பட்டது. அணை நிறைந்து தண்ணீர் கீழே வரை வந்தால் கண்மாய்க்கு யோகம். வராவிட்டால் கண்மாய்க்குள் ஆடு மேயும்.

ஆனால் கண்மாய்த் தண்ணீரும் மார்கழி, தை மாதங்களில் பயிரைக் காப்பாற்றத்தான் உதவும். விதைப்பதற்கு அதை நம்பி உட்கார முடியாது. ஏனென்றால் விதைக்கிற காலத்தில் கண்மாய் வறண்டு கிடக்கும். அதனால்தான் இங்கே நெல் விதைக்கும் முறையே வேறு.

புழுதி விதைப்பு

தஞ்சாவூர்க்காரருக்கு இதைச் சொன்னால் சிரிப்பார். நாற்றங்கால் இல்லை, நடவு இல்லை, சேறு இல்லை. சித்திரை, வைகாசியில் ஒரு கோடை மழை விழுந்தால் நிலத்தை உழுது போடுகிறார்கள். அடுத்தடுத்த உழவில் மண் பொடிப்பொடியாகிப் புழுதியாகிறது. ஆவணிக் கடைசியிலும் புரட்டாசியிலும், ஒரு பொட்டு ஈரம் இல்லாத அந்தப் புழுதியில் விதைநெல்லை வீசி, மேலோட்டமாக உழுது மூடிவிடுகிறார்கள். அந்தக் காலத்தில் நாட்டுக் கலப்பை, இந்தக் காலத்தில் டிராக்டர், வித்தியாசம் அவ்வளவுதான். அதன் பிறகு விதை மண்ணுக்குள் கிடக்கும். விவசாயி வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

'ஆடிப்பட்டம் தேடி விதை' என்ற பழமொழி இங்கே செல்லாது. இங்கே புரட்டாசிதான் பட்டம்.

மழைக்கு முன்பே ஏன் விதைக்க வேண்டும், மழை பெய்த பிறகு விதைத்தால் என்ன என்று பட்டணத்து வாசகர்கள் கேட்கலாம். மழை பெய்த பிறகு இந்தக் களிமண்ணில் கால் வைக்க முடியாது. மாடும் இறங்காது, டிராக்டரும் இறங்காது. இறங்கக் காத்திருந்தால் பத்து நாள் போய்விடும். மொத்தமே சில வாரங்கள் பெய்கிற மழையில் பத்து நாளை இழப்பது என்றால் பயிரின் ஆயுளில் பத்து நாளை இழப்பதாகும். முதல் மழையின் முதல் துளியே விதையின் மேல் விழ வேண்டும் என்பதுதான் புழுதி விதைப்பின் சூட்சுமம். பல தலைமுறை அனுபவம் அது.

அபாயமும் அதற்குள்ளேயே இருக்கிறது. புரட்டாசி நடுவில் ஒரு நாள் மாலை, ஈசானி மூலையில் மின்னி, அரை மணி நேரம் தூறிவிட்டுப் போய்விடும். மண் மேல்வாரியாக நனையும். விதை அதை நம்பி முளைவிடும். அதன்பின் பதினைந்து நாள் வெயில் அடித்தால் முளை கருகிப்போகும். ஏமாற்று மழை என்றால் இதுதான். ஊரே சந்தோஷப்படுகிற முதல் தூறலைப் பார்த்து, விதைத்தவர் மட்டும் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு நிற்பார். முளை கருகினால் மறுபடியும் விதைநெல் வாங்க வேண்டும், மறுபடியும் உழவுக் கூலி கொடுக்க வேண்டும். இரண்டாம் விதைப்புக்குப் பணம் எங்கிருந்து வரும்? வீட்டிலுள்ள நகையிலிருந்துதான்.

2016-ல் வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் வழக்கத்தைவிட 62 சதவீதம் குறைந்துபோயிற்று. 2017 ஜனவரியில் எல்லா ஜில்லாக்களையும் வறட்சி பாதித்தவையாக சர்க்கார் அறிவித்தது. நாலே வருஷம் கழித்து, 2021 ஜனவரியில், அறுவடைக்கு நின்ற கதிர்மேல் காலந்தவறிய பெருமழை கொட்டியது. காய்ந்தும் கெடுக்கும், பெய்தும் கெடுக்கும் என்று வானத்தைப் பற்றிச் சொல்வது இந்தப் பக்கத்துக் குடியானவருக்கு அலங்காரப் பேச்சு அல்ல.

ஆலோசனை எங்கிருந்து வந்தது?

விவசாயிக்கு விஞ்ஞானத்தைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது என்ற ஏற்பாடு நம் நாட்டில் பெரிய அளவில் தொடங்கியது 1952 அக்டோபர் 2-ம் தேதி, சமூக நலத் திட்டத்தோடு. மறு வருஷம் தேசீய விஸ்தரிப்பு சேவை வந்தது. காக்கிக் கால்சட்டையும் சைக்கிளுமாகக் கிராம சேவக் ஊர் ஊராகச் சென்றார். 1960-ல் தீவிர விவசாயத் திட்டம் சென்னை ராஜ்யத்தில் ஆரம்பிக்கப்பட்டபோது, அதற்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஜில்லா தஞ்சாவூர். நிச்சயமான பாசன வசதி உள்ள ஜில்லாவாகப் பார்த்துத்தான் தேர்ந்தெடுத்தார்கள். அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. நாட்டில் உணவுப் பஞ்சம். போட்ட உரத்துக்கு உடனே பலன் தெரிகிற இடத்தில் போட்டார்கள். 1966-ல் ஏ.டி.டி. 27 நெல்லைத் திருச்சி வானொலி மூலமாகவே தஞ்சை விவசாயிகள் தெரிந்துகொண்டு, அதற்கு 'ரேடியோ நெல்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

ஆனால் அதன் விளைவு ஒன்று உண்டு. விவசாய ஆலோசனை என்ற தொழிலே தண்ணீர் இருக்கிற நிலத்தில் வளர்ந்தது. இத்தனையாம் நாள் நாற்றைப் பிடுங்கு, இத்தனையாம் நாள் மேலுரம் போடு என்று அட்டவணை போட்டுச் சொல்வது, மதகைத் திறந்தால் தண்ணீர் வரும் ஊருக்குப் பொருந்தும். மதகுக்குப் பின்னால் தண்ணீரே இல்லாத ஊரில், அட்டவணையை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

1981-ல் பயிற்சி - பார்வையிடல் முறை தமிழ்நாட்டில் வந்தது. குறிப்பிட்ட ஊருக்கு, குறிப்பிட்ட கிழமையில், பதினைந்து நாளைக்கு ஒரு முறை அலுவலர் தவறாமல் போக வேண்டும் என்பது அதன் ஏற்பாடு. நல்ல ஏற்பாடுதான். ஆனால் மானாவாரிச் சீமையில் பங்குனி, சித்திரையில் அந்தக் கிழமைக்கு அலுவலர் போனால், வயலில் யாரும் இருக்க மாட்டார்கள். கரி மூட்டத்துக்கு மரம் வெட்டவோ, வெளியூருக்குக் கூலிக்கோ போயிருப்பார்கள். புரட்டாசியிலோ, பதினைந்து நாளைக்கு ஒரு தடவை வந்தால் போதாது, தினமும் வேண்டியிருக்கும். மழைக்குக் கிழமை தெரியாதே!

பிறகு 2005-ஐ ஒட்டி 'ஆத்மா' திட்டம் வந்தது. 2018-ல் உழவன் செயலி கைப்பேசிக்குள் வந்தது. அதே 2018-ல் மத்திய சர்க்கார் 'முன்னேற விழையும் ஜில்லாக்கள்' என்று நாடெங்கும் பொறுக்கியெடுத்தபோது, தமிழ்நாட்டில் இரண்டே பெயர்கள் அதில் இடம்பெற்றன. ஒன்று ராமநாதபுரம், மற்றது விருதுநகர். இரண்டும் பழைய ராமநாதபுரம் ஜில்லாவின் பிள்ளைகள் என்பதைக் கவனிக்க வேண்டும்.

நன்றாக வேர்விட்ட யோசனை

இந்த ஜில்லாவுக்கு வெளியிலிருந்து வந்த யோசனைகளுக்குள் எது மிக நன்றாக வேர்விட்டது என்று கேட்டால், சீமைக் கருவேல மரத்தைத்தான் காட்ட வேண்டும். வறண்ட நிலத்தில் பசுமை வேண்டும், ஏழைகளுக்கு விறகு வேண்டும் என்று நல்லெண்ணத்தோடு பரப்பப்பட்ட மரம். இன்று கண்மாய்க்குள்ளும், வரத்துக் கால்வாயிலும், தரிசு போட்ட வயலிலும் அது நிற்கிறது. கால்வாயை அது அடைத்துக்கொண்டால் பெய்த மழையும் கண்மாய்க்கு வந்து சேருவதில்லை. 2017-ல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதை அகற்ற உத்தரவிடும் அளவுக்கு விவகாரம் முற்றியது.

அதே மரம்தான், விளைச்சல் பொய்த்த வருஷங்களில் முதுகுளத்தூர், கமுதி, கடலாடிப் பக்கத்துக் குடும்பங்களுக்குக் கஞ்சி ஊற்றியது. மரத்தை வெட்டி, மூட்டம் போட்டு, கரியாக்கி லாரியில் ஏற்றிவிடுகிறார்கள். இதனால் 'மரத்தை ஒழி' என்று வெளியூர்க்காரர் சொல்வது போல் உள்ளூர்க்காரர் அவ்வளவு லேசாகச் சொல்லிவிடுவதில்லை. ஒழித்த இடத்தில் என்ன விளையும் என்று முதலில் காட்டச் சொல்கிறார். நியாயமான கேள்வி.

முந்நூறு கிராம் உப்பு

அப்படியானால் பிரயோஜனமான ஆலோசனையே கிடையாதா? உண்டு. அதில் முக்கியமானது மிகச் சின்னது.

ஒரு ஏக்கருக்கு 30 கிலோ விதை என்று வைத்துக்கொள்வோம். 30 லிட்டர் தண்ணீரில் 300 கிராம் பொட்டாசியம் குளோரைடைக் கரைத்து, அதில் விதையைப் பதினாறு மணி நேரம் ஊறவைக்க வேண்டும். சாயங்காலம் நாலு மணிக்குப் போட்டால் மறுநாள் காலை எட்டு மணிக்கு எடுத்துவிடலாம். எடுத்து, நிழலில் பழைய ஈரப்பதத்துக்கு வரும்வரை உலர்த்தி, பிறகு புழுதியில் விதைக்க வேண்டும். விதையைக் கடினப்படுத்துதல் என்று இதற்குப் பெயர். இப்படிச் செய்த விதை வீரியமாக முளைக்கிறது. முளைத்த பின் வரும் வறட்சியை மற்றதைவிடக் கூடுதலாகத் தாங்குகிறது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் நெடுங்காலமாகச் சொல்லிவருகிற முறை. செலவு அற்பம். ஆனால் இதை எப்போது சொல்ல வேண்டும்? ஆவணியில். கார்த்திகையில் கூட்டம் போட்டுப் படம் காட்டிச் சொன்னால், கேட்டவர்கள் டீயைக் குடித்துவிட்டு வீட்டுக்குப் போவார்கள். விதை ஏற்கெனவே மண்ணுக்குள் போய்விட்டது!

களைக்கொல்லியும் அப்படித்தான். புழுதி விதைப்பில் நெல்லும் களையும் ஒரே மழையில், ஒரே நாளில் முளைக்கின்றன. நனைக்கிற மழை விழுந்த சில நாட்களுக்குள் பெண்டிமெத்தலின் தெளித்தால்தான் வேலை செய்யும். அந்தச் சில நாட்களைத் தவறவிட்டால் பிறகு பெண்கள் குனிந்து கையால் பிடுங்க வேண்டியதுதான்.

ரகத்தின் கணக்கும் ஒன்று இருக்கிறது. முளைக்கவைக்கும் மழை ஐப்பசிக்கு முன் வருவது நிச்சயமில்லை. அக்டோபர் 15-ல் முளைத்த பயிர், 105 நாள் ரகமானால் ஜனவரி கடைசியில் அறுவடைக்கு வரும். 135 நாள் ரகமானால் பிப்ரவரி கடைசி ஆகிவிடும். பருவமழையோ டிசம்பரோடு சரி. நடுவே கிடக்கும் அந்த ஒரு மாத வித்தியாசத்தில்தான் கதிர் பதராவதும் மணியாவதும் இருக்கிறது. பரமக்குடி வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் இதை வைத்தே பல ஆண்டுகள் உழைத்து, பி.எம்.கே. ரகங்களையும், 2009-ல் அண்ணா (ஆர்) 4 என்ற நெல்லையும் வெளியிட்டது. இது 100 முதல் 105 நாளில் முதிர்கிறது. அதற்கும் முன்னால் இந்தச் சீமைக்கென்றே நொறுங்கன், சித்திரைக்கார், குருவிக்கலையன் என்று வறட்சி தாங்கும் நாட்டு நெல்கள் இருந்தன. அந்தக் குணங்களைத் தேடி ஆராய்ச்சியாளர்கள் இன்றும் அவற்றைப் புரட்டிப் பார்க்கிறார்கள்.

ஆனால் வியாபாரி களத்துமேட்டுக்கு வந்து மணியைக் கையில் எடுத்துப் பார்க்கும்போது, வறட்சி தாங்கியதா என்றா கேட்கிறார்? சன்னமா, மோட்டாவா என்றுதான் கேட்கிறார். ஆர்.என்.ஆர். போன்ற சன்ன ரகங்களுக்கு விலை கூட. அதனால் விவசாயி, காய்ந்தாலும் பரவாயில்லை என்று சன்ன நெல்லைத் துணிந்து விதைக்கிறார். சிபாரிசு செய்த ரகத்தை விதைக்கவில்லையே என்று அலுவலர் வருத்தப்பட்டுப் பயனில்லை. விலையையும் சேர்த்துச் சொல்லாத ஆலோசனை பாதி ஆலோசனை.

மிளகாயின் கதையும் இதற்குத் தூரமில்லை. உருண்டு திரண்ட ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. எட்டிவயலில் மிளகாய் வணிக வளாகமும் குளிர்பதனக் கிடங்கும் இருக்கின்றன. ஆனால் பங்குனியில் வட்டிக்காரர் வாசலில் நிற்கும்போது, விலை ஏறும்வரை மூட்டையைக் கிடங்கில் வைத்திருக்க எத்தனை பேரால் முடியும்?

"வீட்டில் ஆம்பளை இல்லையா?"

இந்த ஜில்லாவின் ஆண்கள் பாதிப்பேர் ஊரில் இல்லை என்றே சொல்லலாம். சென்னை, கோயம்புத்தூர், வளைகுடா நாடுகள் என்று பிழைப்புக்குப் போயிருக்கிறார்கள். களை எடுப்பது, உரம் வீசுவது, மிளகாய் பறிப்பது, கண்மாய்த் தண்ணீருக்கு முறை கேட்டுச் சண்டை போடுவதுகூடப் பெண்கள்தான். ஆனால் பட்டா ஆண் பெயரில். அலுவலர் வாசலில் வண்டியை நிறுத்தி, "ஏம்மா, வீட்டில் ஆம்பளை இல்லையா?" என்று கேட்பார். "இல்லீங்க சார், துபாய்ல இருக்காக" என்று பதில் வரும். "சரி, வந்தால் சொல்லுங்க" என்று துண்டுப் பிரசுரத்தைக் கொடுத்துவிட்டு வண்டியைக் கிளப்பிவிடுவார். பிரசுரத்தில் எழுதியிருப்பதைச் செய்யப்போகிறவர் எதிரே நிற்கிற அந்தம்மாள்தான் என்பது அவருக்குத் தோன்றுவதில்லை. எல்லா அலுவலர்களும் இப்படி இல்லை. திண்ணையில் உட்கார்ந்து, விதையை ஊறவைக்க அண்டா இருக்கிறதா என்று கேட்டு, தாமே கரைத்துக் காட்டிவிட்டுப் போகிறவர்களும் இருக்கிறார்கள். அப்படிப்பட்டவர் வேறு ஊருக்கு மாறிப்போன பிறகும், அவர் பேரைச் சொல்லி விசாரிப்பார்கள்.

பயிர்க் காப்பீட்டிலும் இந்தப் பட்டா வந்து குறுக்கே நிற்கிறது. 2016 முதல் நடக்கும் பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில், சம்பா நெல்லுக்கு விவசாயி கட்ட வேண்டியது காப்பீட்டுத் தொகையில் ஒன்றரை சதவீதம்தான். மீதியை மத்திய, மாநில சர்க்கார்கள் போடுகின்றன. ஆனால் கிராம நிர்வாக அலுவலரின் அடங்கல் வேண்டும், வங்கிப் புத்தகம் வேண்டும், ஆதார் வேண்டும். பெரும்பாலும் நவம்பர் நடுவுக்குள் கட்டியாக வேண்டும். குத்தகைக்கு உழுகிறவருக்கு அடங்கல் வாங்குவதே ஒரு யுத்தம். மேலும், தன் வயல் காய்ந்தது என்பதற்காக மட்டும் பணம் வராது. ஊரில் சில வயல்களில் அறுத்து எடை போட்டுப் பார்த்து, கிராமத்தின் சராசரி எவ்வளவு குறைந்தது என்று கணக்கிட்டுத்தான் கொடுப்பார்கள். கண்மாயின் தலைமடைக்காரர் வயல் நன்றாக விளைந்துவிட்டால், கடைமடைக்காரரின் சாவியான பயிருக்கும் சராசரி உயர்ந்துவிடுகிறது. விதைக்கவே முடியாமல் கிராமத்தில் முக்கால் பங்குக்கு மேல் தரிசாகக் கிடந்தால் காப்பீட்டுத் தொகையில் 25 சதவீதம் உண்டு என்ற விதியும் இருக்கிறது. இது எத்தனை பேருக்குத் தெரியும்?

வருஷா வருஷம் ஆவணி பிறந்ததும், ஜில்லாவின் பதினொரு ஒன்றியங்களிலும் வேளாண்மை விரிவாக்க மையங்களின் வாசலில் ஆட்கள் நிற்பார்கள். "நம்ம ரகம் வந்துருச்சா சார்?" என்பது முதல் கேள்வி. "மழை எப்ப சார்?" என்பது இரண்டாவது. இரண்டாவது கேள்விக்கு, வாரம் இரண்டு முறை வரும் வானிலை அறிக்கையைப் பார்த்து அலுவலர் ஏதோ சொல்லலாம். நிச்சயமாகச் சொல்ல அவரால் முடியாது, அதை யாரும் எதிர்பார்ப்பதும் இல்லை. முதல் கேள்விக்கு மட்டும் "வந்துவிட்டது, பொட்டாஷும் இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள்" என்ற பதில் கிடைத்தால், மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு அடுத்த பஸ்ஸுக்கு நடப்பார்கள். அன்றைக்குச் சாயங்காலம் நாலு மணிக்கு அண்டாவில் விதை ஊறும்.